பாடம் பெட்டியில், வாத்தியார் பக்கத்தில்!

மங்கோலியா என்று ஒரு நாடு இருக்கிறது. ரஷியாவுக்கும் சீனாவுக்கும் நடுவே கிடக்கும் நாடு. செங்கிஸ்கான் பிறந்த நாடு. குளிர் என்றால் எலும்பை நடுக்கும் குளிர். அதன் தலைநகரம் உலான் பாட்டர்.

அந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன். பெயர் பாட்டுஷிக். 2012-ம் ஆண்டில் அவனுக்கு வயது 15.

அந்த ஆண்டில் அவன் ஒரு பரீட்சை எழுதினான். அது பள்ளிக்கூடத்துப் பரீட்சை அல்ல. அமெரிக்காவில் புகழ் பெற்ற எம்.ஐ.டி. என்ற கல்வி நிலையத்தில், என்ஜினீயரிங் மாணவர்கள் இரண்டாம் ஆண்டில் படிக்கிற பாடம். மின்சாரச் சுற்றுகளைப் பற்றிய பாடம். பெரியவர்களே தலையைப் பிடித்துக்கொள்ளும் பாடம்.

பாட்டுஷிக் வாங்கிய மார்க் எவ்வளவு தெரியுமா?

நூற்றுக்கு நூறு!

அவன் அமெரிக்காவுக்குப் போகவில்லை. வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இண்டர்நெட்டில் வந்த பாடத்தைப் படித்தான். உலகம் முழுவதிலிருந்தும் சுமார் 1 லட்சத்து 55 ஆயிரம் பேர் அந்தப் பாடத்துக்குப் பெயர் கொடுத்திருந்தார்கள். நூற்றுக்கு நூறு வாங்கியவர்கள் 340 பேர்தான்.

"மங்கோலியாவில் ஒரு பால மேதை" என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. மேதைதான். அதில் சந்தேகம் இல்லை.

ஆனால், "வாத்தியார் இல்லாமலே ஒரு பையன் படித்துவிட்டான். இனிப் பள்ளிக்கூடம் எதற்கு?" என்று சிலர் பேச ஆரம்பித்தார்கள் பாருங்கள், அதுதான் தப்பு. கதையில் பாதியைத்தான் அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

மீதிப் பாதியில் ஒரு வாத்தியார் வருகிறார்.

சென்னையில் படித்தவர்

முதலில் அந்தப் பாடத்தை நடத்தியவரைப் பார்ப்போம்.

அவர் பெயர் அனந்த் அகர்வால். மங்களூரில் படித்து, பிறகு சென்னை ஐ.ஐ.டி.யில் சேர்ந்து 1982-ல் என்ஜினீயரிங் பட்டம் வாங்கியவர். அமெரிக்கா சென்று எம்.ஐ.டி.யில் பேராசிரியர் ஆனார். 2017-ல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்திய மின்சாரப் பாடத்தை, 2012 மார்ச் மாதத்தில் அவரும் அவருடைய கூட்டாளிகளும் இண்டர்நெட்டில் இலவசமாக விட்டார்கள். யார் வேண்டுமானாலும் சேரலாம். பரீட்சை எழுதலாம். தேறினால் சான்றிதழ்.

பாடம் எப்படி நடக்கும்?

பேராசிரியர் பேசுவது வீடியோவாக வரும். ஒரு மணி நேரம் ஒரே மூச்சில் பேசமாட்டார். சில நிமிஷங்கள் பேசுவார். உடனே ஒரு கேள்வி வரும். நீங்கள் விடையைத் தட்ட வேண்டும். சரியா, தப்பா என்று கம்ப்யூட்டர் அப்போதே சொல்லிவிடும். தப்பு என்றால் மறுபடி பார்க்கலாம். பத்துத் தடவை பார்த்தாலும் கம்ப்யூட்டர் கோபித்துக்கொள்ளாது.

கம்பி, பாட்டரி எல்லாம் திரையிலேயே படமாக இருக்கும். அவற்றை இழுத்துப் பொருத்திச் சோதனை செய்யலாம். "ஷாக்" அடிக்கும் என்ற பயம் இல்லை!

பெயர் கொடுத்தது சுமார் 1 லட்சத்து 55 ஆயிரம் பேர் என்று சொன்னேன். கடைசி வரை வந்து தேறியவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு 5 பேர்கூட இல்லை.

இதைக் கேட்டதும் "தோல்வி" என்று சொல்லிவிடக் கூடாது. காசு இல்லாமல் பெயர் கொடுக்கலாம் என்றால், வேடிக்கை பார்க்க வருகிறவர்களும் வரத்தான் செய்வார்கள். அதோடு இன்னொரு கணக்கும் இருக்கிறது. வருஷத்துக்கு 100 மாணவர்களைத் தேற வைக்கும் ஒரு வாத்தியார், 7,157 பேரைத் தேற வைக்க 70 வருஷத்துக்கு மேல் உழைக்க வேண்டும். அகர்வால் ஒரே தடவையில் செய்துவிட்டார். அது அதிசயம்தான்.

ஆனாலும், வழியில் உட்கார்ந்துவிட்ட மற்றவர்கள் எல்லாருமே வேடிக்கை பார்க்க வந்தவர்களா? நிஜமாகவே படிக்க ஆசைப்பட்டு, ஓர் இடத்தில் சிக்கி, கேட்க ஆள் இல்லாமல் விட்டவர்கள் அவர்களில் இருக்கமாட்டார்களா?

மூன்று பெட்டிகள்

இப்போது மங்கோலியாவுக்குத் திரும்புவோம்.

பாட்டுஷிக் படித்த பள்ளியின் தலைமை ஆசிரியர் ஒரு வாலிபர். மங்கோலியாவிலிருந்து போய் எம்.ஐ.டி.யில் பட்டம் வாங்கிய முதல் ஆள் அவர். தாம் அங்கே படித்த பாடம் இண்டர்நெட்டில் வருகிறது என்று தெரிந்ததும், "நம் பிள்ளைகளும் படித்தால் என்ன?" என்று நினைத்தார்.

நினைத்ததோடு நிற்கவில்லை. பாடத்தைப் போட்டுக் காட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு வந்துவிடாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பாடம் இங்கிலீஷில். பிள்ளைகள் பேசுவது மங்கோலிய மொழி. வயதோ 13 முதல் 17 வரை.

ஆகவே தம் நண்பர் ஒருவரை அழைத்தார். டோனி கிம் என்பவர். அவரும் எம்.ஐ.டி.யில் படித்தவர்தான். அப்போது ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவர்.

கிம் விமானம் ஏறி உலான் பாட்டருக்கு வந்தார். கையில் மூன்று பெட்டிகள். உள்ளே என்ன? துணிமணி அல்ல. சோதனைச் சாலைச் சாமான்கள்!

10 வாரம் அங்கேயே தங்கினார். பிள்ளைகள் பேராசிரியரின் வீடியோவைப் பார்ப்பார்கள். கிம் பக்கத்தில் இருந்து புரியாததை விளக்குவார். திரையில் படமாகப் பார்த்த சுற்றை, நிஜக் கம்பியும் நிஜக் கருவியும் வைத்துப் பிள்ளைகள் கையாலேயே செய்து பார்க்க வைப்பார்.

எல்லாருமே கரை சேர்ந்துவிடவில்லை. அது கடினமான பாடம். ஆனால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளில் ஒரு கூட்டம், காலேஜ் பாடத்தில் தேறி வந்தது.

பாட்டுஷிக் இன்னொன்றும் செய்தான். தனக்குப் புரிந்ததை மங்கோலிய மொழியில் பேசி, வீடியோ எடுத்து, மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்தான். மாணவனே குட்டி வாத்தியார் ஆகிவிட்டான்!

அவனுக்கு ஒரு தங்கை. அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் அடியில் கார்கள் நிறுத்தும் இடம். அங்கிருந்து கார்கள் திடீர் என்று வெளியே வரும். வாசலில் விளையாடும் தங்கைக்கு ஆபத்து. கார் வந்தால் முன்கூட்டியே சங்கு ஊதும் கருவி ஒன்றை அவனே செய்து மாட்டினான். படிப்பு கைக்கு வந்துவிட்டது என்பதற்கு இதைவிட வேறு சான்றிதழ் எதற்கு?

மறு ஆண்டில் அவனுக்கு எம்.ஐ.டி.யிலேயே இடம் கிடைத்தது.

சான் ஓசே வகுப்பு

"பையன் மேதை. அதனால் படித்தான். சாதாரணப் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

அதற்குப் பதில் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தில் கிடைத்தது. அங்கே சான் ஓசே என்று ஒரு நகரம். கம்ப்யூட்டர் கம்பெனிகள் நிறைந்த வட்டாரம். (ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டினால் "சான் ஜோஸ்" என்று வரும். ஊர்க்காரர்கள் "சான் ஓசே" என்கிறார்கள்.)

அந்த ஊரில் மாகாண அரசின் பல்கலைக்கழகம் ஒன்று இருக்கிறது. பணக்காரப் பிள்ளைகளின் இடம் அல்ல. வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்கள், குடும்பத்திலேயே முதன் முதலாகக் காலேஜ் வாசலை மிதித்தவர்கள், இப்படிப்பட்டவர்கள் நிறைய.

அங்கேயும் மின்சாரச் சுற்றுப் பாடம் உண்டு. என்ஜினீயர் ஆக வேண்டுமானால் அதில் தேறியே ஆக வேண்டும். அது ஒரு கோட்டை வாசல் மாதிரி. நூற்றுக்கு 40 பேர் அந்த வாசலிலேயே விழுந்துகொண்டிருந்தார்கள்.

விழுந்தால் என்ன ஆகும்? மறுபடி பணம் கட்டி மறுபடி படிக்க வேண்டும். பட்டம் தள்ளிப் போகும். வேலை தள்ளிப் போகும். சிலர் "நமக்கு இது வராது" என்று படிப்பையே மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

2012-ம் ஆண்டின் பிற்பகுதியில், கொஸ்ரோ காடிரி என்ற ஆசிரியர் ஒரு வகுப்பை மட்டும் புது மாதிரியாக நடத்திப் பார்த்தார். அகர்வாலின் அதே வீடியோப் பாடங்களை எடுத்துக்கொண்டார். வகுப்பில் 80 சொச்சம் மாணவர்கள்.

மாணவர்கள் வீடியோவை வீட்டிலேயே பார்த்துவிட்டு வர வேண்டும். அதில் வரும் கேள்விகளுக்கும் வீட்டிலேயே விடை போட வேண்டும்.

வகுப்புக்கு வந்தால் சொற்பொழிவு கிடையாது. புரியாதது எது என்று கேட்டு, அதை மட்டும் கொஞ்ச நேரம் விளக்குவார் ஆசிரியர். பிறகு மாணவர்கள் மூன்று மூன்று பேராகச் சேர்ந்து கணக்குப் போடுவார்கள். ஆசிரியரும் உதவியாளர்களும் வரிசை வரிசையாக நடந்து வருவார்கள். எங்கே ஒருவன் பேனாவை வைத்துவிட்டு முகட்டைப் பார்க்கிறானோ, அங்கே நிற்பார்கள். முடிவில் ஒவ்வொருவரும் தனியாக ஒரு சின்னப் பரீட்சை எழுத வேண்டும். கூட்டத்தோடு கோவிந்தா போட முடியாது.

முடிவு என்ன?

பழைய முறையில் தேறியவர்கள் நூற்றுக்கு 60 பேருக்கும் குறைவு. புது முறையில் தேறியவர்கள் நூற்றுக்கு 91 பேர்!

பல்கலைக்கழகமே வியந்துவிட்டது. 2013-ல் அந்த முறையை மாகாணத்தில் உள்ள வேறு 11 கல்லூரிகளுக்கும் கொண்டு போவதாக அறிவித்தார்கள்.

ஒன்றை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். இது ஒரு வகுப்பின் கணக்கு. மாணவர்களைக் குலுக்கிப் போட்டு இரண்டாகப் பிரித்துச் செய்த சோதனை அல்ல. அதனால் 91 என்ற எண்ணை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம். வித்தியாசம் பெரிது என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

வீட்டுப்பாடம் வகுப்பில்!

இந்த மாதிரி நடத்துவதற்குத் "தலைகீழ் வகுப்பு" என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வழக்கமாக என்ன நடக்கிறது? பாடத்தை வகுப்பில் கேட்கிறோம். கணக்கை வீட்டில் போடுகிறோம். இங்கே அது அப்படியே தலைகீழ். பாடத்தை வீட்டில் கேட்க வேண்டும். கணக்கை வகுப்பில் போட வேண்டும்.

இதைப் பிரபலப்படுத்தியவர்கள் பெரிய பேராசிரியர்கள் அல்ல. அமெரிக்காவில் கொலராடோ மாகாணத்தில் உட்லண்டு பார்க் என்ற ஊரின் உயர்நிலைப் பள்ளியில் வேலை பார்த்த இரண்டு கெமிஸ்ட்ரி வாத்தியார்கள். ஜோனதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்று பெயர்.

விளையாட்டுப் போட்டிக்கும் வேறு காரியங்களுக்கும் வெளியூர் போகும் பிள்ளைகள் பாடத்தைத் தவறவிட்டார்கள். அவர்களுக்காக 2007-ல் பாடங்களை வீடியோவாகப் பதிவு செய்து வைத்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், வகுப்பை விட்டுப் போகாத பிள்ளைகளும் அந்த வீடியோவைப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போது அந்த ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை பிறந்தது. பிள்ளைக்கு வாத்தியார் தேவைப்படுவது எப்போது? பாடம் கேட்கும்போதா? இல்லை, வீட்டில் கணக்குப் போட்டுப் பாதியில் முட்டிக்கொண்டு நிற்கும்போது. அந்த நேரத்தில் வாத்தியார் எங்கே இருக்கிறார்? தம் வீட்டில் இருக்கிறார்!

நம் வீடுகளிலும் இதைப் பார்க்கலாம். இரவு எட்டு மணி. பையன் கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருக்கிறான். அப்பாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அம்மாவுக்கு அடுப்பில் வேலை. பையன் நோட்டை மூடிவிட்டுப் படுத்துவிடுகிறான். மறுநாள் காலையில் பக்கத்துப் பையனின் நோட்டைப் பார்த்து எழுதிவிடுகிறான். அவன் முட்டிக்கொண்டது யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறது.

வாத்தியார் இல்லாத சோதனை

சான் ஓசேக்கு மறுபடி வருவோம். அங்கேதான் இன்னொரு வேடிக்கையும் நடந்தது.

காடிரியின் வகுப்பு முடிந்த கையோடு, 2013 ஜனவரியில் அதே பல்கலைக்கழகம் வேறு ஒரு திட்டத்தை அறிவித்தது. இதில் வகுப்பறையே கிடையாது. எல்லாம் இண்டர்நெட்டில்தான். கணக்குப் பாடம் இரண்டு, புள்ளிவிவரப் பாடம் ஒன்று. ஒரு பாடத்துக்குக் கட்டணம் 150 டாலர். வழக்கமான கட்டணத்தைவிட மிகக் குறைவு.

பாடம் தயாரிக்க உதவியது யூடாசிட்டி என்ற கம்பெனி. அதன் தலைவர் செபாஸ்டியன் திரன். டிரைவர் இல்லாமல் ஓடும் காரைக் கூகுள் கம்பெனியில் உருவாக்கிக் காட்டியவர். மாகாண கவர்னர் ஜெர்ரி பிரவுனும் திட்டத்தின் அறிவிப்புக்கு வந்திருந்தார். அரசிடம் பணம் குறைவு. காலேஜில் இடமும் குறைவு. குறைந்த செலவில் நிறையப் பேருக்குப் படிப்பு என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

காரே டிரைவர் இல்லாமல் ஓடுகிறது. வகுப்பு வாத்தியார் இல்லாமல் ஓடாதா?

ஓடவில்லை.

புள்ளிவிவரத்தில் நூற்றுக்குப் பாதிப் பேர் தேறினார்கள். அல்ஜீப்ராவில் 44 பேர். அடிப்படைக் கணக்கில் 30 பேர்கூட இல்லை. ஜூலை மாதத்தில் திட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

ஏன் இப்படி ஆயிற்று?

அடிப்படைக் கணக்கில் சேர்ந்த பல்கலைக்கழக மாணவர்கள், அதே பாடத்தில் முன்பே தோற்றவர்கள். மற்றவர்களில் நிறையப் பேர் ஓக்லண்டு நகரத்து ஏழைப் பள்ளிப் பிள்ளைகள். அந்தப் பிள்ளைகளில் சிலரிடம் கம்ப்யூட்டரே இல்லை! பாடம் தொடங்கிச் சில வாரம் ஆன பிறகுதான் அந்த விஷயமே வெளியே தெரிந்தது. வகுப்பறையில் ஒரு பையன் புத்தகம் இல்லாமல் வந்தால் முதல் நாளே வாத்தியாருக்குத் தெரிந்துவிடும். இங்கே அவன் வரவில்லை என்பதே தெரியவில்லை.

சந்தேகம் கேட்டால் பதில் எழுத ஆட்கள் இருந்தார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் மாணவன் முதலில் கேட்க வேண்டுமே! எது புரியவில்லை என்று தெரிந்தவன் கேட்பான். ஒன்றுமே புரியாதவன் என்ன கேட்பான்?

அந்தக் கோடைக் காலத்தில் அதே பாடங்களை இன்னொரு கூட்டம் படித்தது. புள்ளிவிவரத்தில் நூற்றுக்கு 83 பேர் தேறினார்கள். எப்படி? அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள். தானாகப் படிக்கத் தெரிந்தவனுக்கு இண்டர்நெட் இறக்கை. தெரியாதவனுக்கு அது வெறும் கண்ணாடித் திரை.

செபாஸ்டியன் திரனே பிறகு ஒரு பத்திரிகைப் பேட்டியில், தங்கள் சரக்கு மட்டமாக இருந்தது என்று ஒப்புக்கொண்டார். அவருடைய கம்பெனி வேலை பார்ப்பவர்களுக்குத் தொழில் பயிற்சி கொடுக்கும் பக்கம் திரும்பிவிட்டது.

பேராசிரியர்களின் கடிதம்

இதற்கு நடுவே, அதே பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறைப் பேராசிரியர்கள் 2013-ல் ஒரு காரியம் செய்தார்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பிரபலப் பேராசிரியர் மைக்கேல் சாண்டல் "நீதி" என்ற பொருளில் நடத்தும் பாடம் வீடியோவாக வந்திருந்தது. அதை வாங்கிப் போட்டு நடத்துங்கள் என்றது மேலிடம். "மாட்டோம்!" என்று அவர்கள் சாண்டலுக்கே பகிரங்கக் கடிதம் எழுதினார்கள்.

அவர்கள் பயம் இதுதான். இன்றைக்கு வீடியோவும் வாத்தியாரும் என்பார்கள். நாளைக்குச் செலவைக் குறைக்க வாத்தியாரை எடுத்துவிடுவார்கள். கடைசியில் பணக்காரப் பிள்ளைக்கு உயிருள்ள பேராசிரியர். ஏழைப் பிள்ளைக்கு அவருடைய படம்!

தம் பாடத்தைக் காட்டி மற்றப் பேராசிரியர்களின் பிழைப்பைக் கெடுக்கத் தமக்கு விருப்பம் இல்லை என்று சாண்டலும் பதில் சொன்னார்.

அந்தப் பயம் எனக்கு நியாயமாகவே படுகிறது. வீடியோ வந்தால் வாத்தியார் செலவு மிச்சம் என்று கணக்குப் போடுகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. ஆனால் காடிரியின் வகுப்பில் வாத்தியார் வேலை குறைந்ததா? இல்லை, கூடியது. வீடியோ பேசிக்கொண்டிருந்த நேரத்தை எல்லாம் அவர் மாணவர்களுக்குக் கொடுத்தார். உதவியாளர்கள் வேறு. மலிவுச் சரக்கு என்று நினைத்து இதை வாங்குகிறவர்கள் ஏமாந்து போவார்கள்.

2009-ல் அமெரிக்கக் கல்வி இலாகா, அதுவரை நடந்த பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தது. இண்டர்நெட்டும் வகுப்பறையும் கலந்து நடத்தினால் வெறும் வகுப்பறையைவிடப் பலன் அதிகம் என்று தெரிந்தது. ஆனால் ஒரு எச்சரிக்கையும் கூடவே இருந்தது. கலந்து நடத்திய இடங்களில் மாணவர்கள் அதிக நேரம் படித்திருக்கிறார்கள். கூடுதல் பயிற்சியும் கிடைத்திருக்கிறது. பலன் கம்ப்யூட்டரால்தான் வந்தது என்று சொல்லிவிட முடியாது.

நம் வீட்டு வாசலில்

நம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இதெல்லாம் வேற்றூர்ச் சங்கதி அல்ல. கொரோனாக் காலத்தில் நாமே பட்டு அறிந்தோம்.

2020 மார்ச் மாதத்தில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. 1 முதல் 8-ம் வகுப்பு வரை படித்த பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1-ந் தேதிதான் கதவு திறந்தது. ஒன்றரை வருஷத்துக்கு மேல்!

அந்த நாளில் பாடம் வராமல் இல்லை. 2019-லேயே தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி இருந்தது. செல்போன் இருந்த வீட்டில் செல்போனிலும் பாடம் வந்தது. ஒரே செல்போன், மூன்று பிள்ளைகள் என்ற வீடுகளும் இருந்தன. அந்த செல்போனும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். டெலிவிஷனில் ஆசிரியர் அழகாகத்தான் நடத்தினார். ஆனால், "டேய், கடைசி பெஞ்சு! புரிந்ததா?" என்று அந்தப் பெட்டியிலிருந்து யாரும் கேட்கவில்லை.

விளைவு, பிள்ளைகள் மறந்துபோனார்கள். கூட்டல் தெரிந்த பிள்ளை கூட்டல் மறந்தது. எழுத்துக் கூட்டிப் படித்த பிள்ளை எழுத்தையே மறந்தது.

அப்போது, 2021 அக்டோபர் 27-ந் தேதி, விழுப்புரம் மாவட்டத்தில் "இல்லம் தேடிக் கல்வி" என்ற திட்டம் தொடங்கியது. இதில் பெரிய கருவி ஒன்றும் இல்லை. தெருவிலேயே குடியிருக்கும் படித்த ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், மாலை நேரத்தில் 20 பிள்ளைகளைச் சேர்த்து உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பார். திண்ணை, கோயில் மண்டபம், மரத்தடி, எங்கே இடம் கிடைத்ததோ அங்கே. மாதம் 1,000 ரூபாய் கொடுத்தார்கள். சுமார் 2 லட்சம் பேர் முன்வந்தார்கள்.

பிள்ளைகள் அவர்களை "அக்கா" என்றார்கள். "அக்கா, இந்தக் கணக்கு வரல்லே" என்று நோட்டை நீட்டினார்கள். அவ்வளவுதான் முறை.

பொருளாதார நிபுணர்கள் சிலர், தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளுக்குப் பரீட்சை வைத்துப் பார்த்தார்கள். கொரோனாவில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கை, பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் குழந்தைகள் திரும்பப் பிடித்துவிட்டார்கள். அப்படிப் பிடித்ததில் ஏறக்குறைய கால் பங்கு, இந்த மாலை நேர வகுப்புகளால் வந்தது என்பது அவர்கள் கணக்கு.